ஜாக்குக்கு டபுள் லாக், மாஸ்ட்டுக்கு கவுன்டர் பேலன்ஸ்: சுமையை நிறுத்தி வைக்க எந்த வால்வு?

சிலிண்டர் தூக்கிய சுமை தூக்கிய இடத்திலேயே நிற்க வேண்டும். கேட்பதற்குச் சின்ன விஷயம், ஆனால் ஹைட்ராலிக்ஸ் வேலையில் கஸ்டமருக்கும் மெக்கானிக்குக்கும் அதிகம் வாக்குவாதம் வருவது இதில்தான். ஆயிலை சிலிண்டருக்குத் திருப்பிவிடும் லிவர் வால்வை மட்டும் நம்பி, லிவரை நடுவில் விட்டாச்சு, சிலிண்டர் மெல்ல மெல்ல இறங்குகிறது. சரி என்று ஒரு பைலட் செக் வால்வு போட்டால் நன்றாக நிற்கிறது, ஆனால் இறக்கும்போது வண்டியே உதறுகிறது. அதைக் கழற்றிவிட்டு கவுன்டர் பேலன்ஸ் வால்வு போட்டால் உதறல் நின்றுவிடுகிறது, ஆனால் சுமை குறைவாக இருக்கும்போது பம்ப் வீணாக பிரஷர் ஏற்றிக்கொண்டு ஆயிலைச் சூடாக்குகிறது. மூன்றுமே நல்ல வால்வுகள்தான். எதை எங்கே போடுவது என்பதுதான் கேள்வி.

திருச்செங்கோட்டுப் பக்கத்து போர்வெல் ரிக் வண்டியை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்கிறேன். ஒரே வண்டியில் இரண்டு விதமான சுமையும் இருக்கிறது. வண்டியை மட்டமாக நிறுத்தும் ஜாக் ஒரு விதம், மாஸ்ட்டை, அதாவது துளை போடும் கோபுரத்தை, தூக்கிப் படுக்கவைக்கும் சிலிண்டர் இன்னொரு விதம். இரண்டுக்கும் ஒரே வால்வு போட்டால் ஏதாவது ஒன்றில் உதைக்கும்.

முதலில், வால்வு எதுவும் தனியாகப் போடாமல், லிவர் வால்வை நடுவில் விட்டால் போதாதா? நடு நிலையில் எல்லா வழியும் அடைபட்ட ஸ்பூல் என்றால் ஆயில் போக வழியே இல்லையே என்று தோன்றும். வழி இருக்கிறது. ஸ்பூல் என்பது துளைக்குள் வழுக்கி ஓடும் ஒரு தண்டு. அது ஓட வேண்டுமானால் சுற்றிலும் சில மைக்ரான் இடைவெளி இருந்தே ஆகவேண்டும். அந்த இடைவெளியில் ஆயில் கசியும். வால்வு பழசாகும்போதும், ஆயில் சூடாகித் தண்ணீர் மாதிரி ஆகும்போதும் கசிவு கூடும். நிமிடத்துக்கு 20 சி.சி. கசிகிறது என்று வைத்துக்கொள்வோம், ஒரு மடக்குக்கும் காணாத அளவு. 100 மி.மீ. உள்விட்டம் உள்ள சிலிண்டரின் பரப்பு 78.5 சதுர செ.மீ., ஆக நிமிடத்துக்கு இரண்டரை மி.மீ. இறங்கும். ஒரு மணி நேரத்தில் 15 செ.மீ. போர் போடும் வேலை ஒரு ராத்திரி முழுக்க ஓடும்போது இது எங்கே கொண்டுபோய் விடும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். சுமை சில நொடிகள் நின்றால் போதும், அதற்குள் அடுத்த வேலை வந்துவிடும் என்கிற இடத்தில் ஸ்பூல் மட்டும் போதும். மற்ற இடத்தில் சீட்டில் போய் அடைக்கும் வால்வு வேண்டும்.

பைலட் செக் வால்வு அப்படிப்பட்டது. சாதாரண செக் வால்வில் ஒரு கூம்பு அல்லது பந்து, பின்னால் ஒரு ஸ்பிரிங், முன்னால் ஒரு சீட். பம்ப்பிலிருந்து சிலிண்டருக்குப் போகும் ஆயில் ஓரிரு பார் பிரஷரிலேயே கூம்பைத் தள்ளிக்கொண்டு போய்விடும். திரும்பி வர நினைத்தால் கூம்பு சீட்டில் அமர்ந்து அடைத்துக்கொள்ளும், சுமை கூடக்கூட இன்னும் இறுக்கமாக அமரும். உலோகம் உலோகத்தில் உட்காருவதால், சுத்தமான ஆயிலில் கசிவு கிட்டத்தட்ட இல்லை. ஆனால் வெறும் செக் வால்வு என்றால் தூக்கிய சுமையை இறக்கவே முடியாது. அதற்காகத்தான் கூம்புக்கு எதிர்ப்புறம் ஒரு சின்ன பிஸ்டனும் அதில் ஒரு ஊசியும் வைத்திருக்கிறார்கள். பைலட் லைனில் பிரஷர் வந்தால் அந்த பிஸ்டன் நகர்ந்து, ஊசி கூம்பைச் சீட்டிலிருந்து தள்ளிவிடும், ஆயில் திரும்பிப் போகும். பைலட் லைனை எங்கிருந்து எடுப்பது? சிலிண்டரின் மறுபக்கத்து லைனிலிருந்து. இறக்குவதற்கு லிவரைத் தள்ளினால் மறுபக்கத்தில் பிரஷர் வரும், அதுவே பூட்டைத் திறக்கும். இரண்டு பக்கமும் ஒவ்வொன்று வைத்து, ஒன்றின் பைலட்டை மற்றதன் லைனிலிருந்து குறுக்காக எடுத்தால் அதுதான் பட்டறையில் டபுள் லாக் என்று சொல்வது. வால்வுக்கு அடியில் அடுக்கும் பிளாக்காக வாங்க வேண்டுமானால் ரெக்ஸ்ராத்தில் இசட்.2.எஸ்.6, யூகெனில் எம்.பி.டபிள்யூ-01 என்று கேட்பார்கள், வேலை ஒன்றுதான்.

பைலட் பிஸ்டனின் பரப்பு சீட்டின் பரப்பைவிடப் பெரிதாக இருக்கும். அது எத்தனை மடங்கு என்பதுதான் பைலட் ரேஷியோ. 3:1 என்றால், சுமையால் 120 பார் அடைபட்டிருக்கும் வால்வைத் திறக்க 40 பாரும், கூடவே ஸ்பிரிங்குக்குக் கொஞ்சமும் போதும் என்று கேட்டலாக்கைப் பார்த்து எல்லோரும் கணக்குப் போடுவார்கள். இந்தக் கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஜாக் விஷயத்துக்கு வருவோம். ஜாக் தரையில் ஊன்றி வண்டியைத் தாங்கி நிற்கிறது. மணிக்கணக்கில் அசையக்கூடாது. இறக்கும்போது என்ன ஆகிறது? வண்டி சில அங்குலம் இறங்கும், டயர் தரையைத் தொட்டதும் சுமையே போய்விடும், அப்புறம் ஜாக் காலியாக மேலே ஏறும். அந்தச் சில அங்குலத்தில் கொஞ்சம் குலுங்கினால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆக ஜாக்குக்கு டபுள் லாக்தான், வேறு யோசனையே தேவையில்லை. ஒரு பக்கம் மட்டும் லாக் போட்டால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. ஊன்றி நிற்கும்போது போதும். ஆனால் வண்டி ரோட்டில் போகும்போது மடக்கி வைத்த ஜாக் தன் எடையாலும் குலுக்கலாலும் மெல்ல மெல்லக் கீழே இறங்கி வரக்கூடாது. அதைப் பிடித்து வைப்பது ராடு பக்கத்து லாக், அதாவது பிஸ்டனிலிருந்து வெளியே நீளும் தண்டு இருக்கும் பக்கத்து லாக். ஆகவே இரண்டும் வேண்டும்.

இங்கே நிறைய பேர் தவறவிடுவது லிவர் வால்வின் நடு நிலையை. டபுள் லாக் போட்டால், லிவர் நடுவில் இருக்கும்போது சிலிண்டர் லைன் இரண்டும் டேங்க்குக்குத் திறந்திருக்க வேண்டும். எல்லாம் அடைபட்ட ஸ்பூலாக இருந்தால், லிவர் வால்வுக்கும் லாக் வால்வுக்கும் நடுவே இருக்கும் குட்டிப் பைப்பில் பிரஷர் சிக்கிக்கொள்ளும், அதோடு பம்ப் லைனிலிருந்து ஸ்பூல் வழியாகக் கசிவதும் சேரும், அந்த பிரஷர் பைலட்டைத் தள்ளி லாக்கைப் பாதி திறந்தே வைத்திருக்கும். புது வால்வு போட்டும் ஜாக் இறங்குகிறது, வால்வு டூப்ளிகேட் என்று கடைக்காரரிடம் சண்டை போடுவதற்கு முன்னால் ஸ்பூலைப் பாருங்கள். லிவர் பேங்க் (பல லிவர் வால்வுகள் சேர்ந்த தொகுதி) வாங்கும்போது சிலிண்டர் ஸ்பூல், மோட்டார் ஸ்பூல் என்று இரண்டு விதம் கிடைக்கும். சிலிண்டருக்கு சிலிண்டர் ஸ்பூல்தானே என்று வாங்கி மாட்டிவிடுவார்கள். டபுள் லாக் இருக்கும் செக்‌ஷனுக்கு வேண்டியது மோட்டார் ஸ்பூல். அதில்தான் நடுவில் இரண்டு லைனும் டேங்க்குக்குத் திறக்கும்.

இப்போது மாஸ்ட். படுத்திருக்கும் மாஸ்ட்டைத் தூக்க ஆரம்பிக்கும்போது சுமை உச்சம், நிமிர நிமிரக் குறையும், நேராக நிற்கும்போது கிட்டத்தட்ட இல்லை. இறக்கும்போது இதற்குத் தலைகீழ்: சாயச்சாய எடை கூடிக்கொண்டே போகும், சுமையே சிலிண்டரை உள்ளே தள்ளிக்கொண்டு வரும். பைலட் செக் வால்வைக் கொண்டுபோய் இங்கே போட்டால் என்ன நடக்கும்? பைலட்டுக்கு பிரஷர் வந்ததும் கூம்பு முழுசாகத் திறக்கும், சுமை வேகமாக இறங்கும். எவ்வளவு வேகம் என்றால், ராடு பக்கத்தை நிரப்பப் பம்ப்பால் ஈடு கொடுக்க முடியாது. அந்தப் பக்கத்துப் பிரஷர் படுத்துவிடும். பைலட் எடுத்ததே அந்தப் பக்கத்திலிருந்துதானே? உடனே லாக் படாரென்று மூடும், இத்தனை டன்னும் ஒரே அடியாக நிற்கும், பிறகு பிரஷர் ஏறும், மறுபடி திறக்கும், மறுபடி மூடும். கிணற்றில் குடத்தை இறக்கும்போது கயிற்றை மொத்தமாக விட்டுவிட்டுச் சட்டென்று பிடித்து, மறுபடி விட்டுப் பிடிப்பது போலத்தான். மூட்டில் இருக்கும் பின்னும் புஷ்ஷும் தேய்ந்து, வெல்டிங்கில் விரிசல் விட்டு, ஹோஸ் வெடிக்கும்வரை இந்த உதறல் போகும்.

கவுன்டர் பேலன்ஸ் வால்வும் சீட்டில் அடைக்கிற வால்வுதான், ஆனால் இது படக்கென்று முழுசாகத் திறக்காது. உள்ளே ஒரு கனமான ஸ்பிரிங், அதற்கு எதிராகச் சுமையின் பிரஷரும் பைலட் பிரஷரும் சேர்ந்து தள்ளும். இரண்டும் சேர்ந்து ஸ்பிரிங்கின் செட்டிங்கைத் தாண்டும்போது மெல்லத் திறக்கும். சுமை பம்ப்பை முந்தினால் பைலட் குறையும், வால்வு கொஞ்சம் சாத்திக்கொள்ளும், முழுசாக மூடாது. ஆகவே பம்ப் கொடுக்கிற வேகத்தில்தான் மாஸ்ட் இறங்கும். செட்டிங் எவ்வளவு? அதிகபட்சச் சுமை பிரஷரைப் போல 1.3 மடங்கு என்பது வழக்கம். அதாவது 120 பார் சுமைக்கு 160 பார் அளவில்.

கணக்கைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் இரண்டின் குணமும் பிடிபடும். பிஸ்டன் பக்கத்துக்கும் ராடு பக்கத்துக்கும் பரப்பு 2:1 உள்ள சிலிண்டர், சுமை பிஸ்டன் பக்கத்தில் 120 பார், இரண்டு வால்வுக்கும் ரேஷியோ 3:1. இறக்குவதற்கு ராடு பக்கத்தில் ஒரு பார் கொடுத்தால் அது பிஸ்டன் பக்கத்தில் அரை பாரைக் கூட்டும். மேலே சொன்ன ஓட்டை இதுதான். பைலட் செக் திறக்க 40 பார் போதாது, 48 பார் வேண்டும். கவுன்டர் பேலன்ஸில் 160-க்கு 40 பார்தான் பாக்கி, பைலட்டின் மூன்று மடங்கும் இந்த அரை மடங்கும் சேர்ந்து உதவுவதால் 11.4 பாரிலேயே திறக்க ஆரம்பிக்கும். சுமை 20 பாராகக் குறைந்தால்? பைலட் செக்குக்கு 8 பார் போதும். கவுன்டர் பேலன்ஸுக்கு 40 பார் வேண்டும். ஒன்றுக்குச் சுமை கூடினால் கஷ்டம், மற்றதற்குச் சுமை குறைந்தால் கஷ்டம். மாஸ்ட் நேராக நிற்கும்போது இறக்க ஆரம்பிக்கிற அந்த முதல் அசைவுக்குத்தான் இன்ஜின் கொஞ்சம் முக்கும், காரணம் இதுதான், வால்வு கெட்டுப்போகவில்லை.

ரேஷியோவைக் கூட்டி 10:1 வாங்கினால் இந்த முக்கல் குறையும், ஆயில் சூடாவதும் குறையும். ஆனால் அது சின்ன பைலட் மாற்றத்துக்கெல்லாம் துள்ளும், நீளமான பூம், மாஸ்ட் மாதிரி ஆடுகிற சுமையில் ஊஞ்சல் கட்டிவிடும். சுமை மாறாமல், ஆடாமல் இருக்கும் இடத்தில் 10:1 போடலாம், மாஸ்ட்டுக்கு 3:1 அல்லது 4.5:1 தான் என் தேர்வு, கொஞ்சம் டீசல் கூடப் போனாலும் பரவாயில்லை.

இன்னொன்று, கவுன்டர் பேலன்ஸின் டேங்க் பக்கத்தில் தடை இருந்தால் சாதாரண மாடலில் அந்தத் தடை பிரஷர் செட்டிங்கோடு சேர்ந்துகொள்ளும், அதுவும் ரேஷியோவோடு ஒன்றைக் கூட்டினால் வரும் மடங்கில். 3:1 வால்வுக்குப் பின்னால் 10 பார் தடை என்றால் செட்டிங் 40 பார் ஏறியதற்குச் சமம். புரொபோர்ஷனல் வால்வோடு (திறப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் குறைக்கும் வால்வு) சேர்த்துப் போடுபவர்கள் ஸ்பிரிங் அறை வெளியே திறந்திருக்கும் மாடலைக் கேட்டு வாங்க வேண்டும்.

ராடு கீழே பார்த்தபடி சுமை தொங்குகிற சிலிண்டர் என்றால் பைலட் செக்கின் கணக்கு இன்னும் மோசம். சுமையைத் தாங்குவது இப்போது ராடு பக்கம், பைலட் வருவது பிஸ்டன் பக்கத்திலிருந்து. அங்கே ஒரு பார் கொடுத்தால் ராடு பக்கத்தில் இரண்டு பார் ஏறும். அதே 120 பார் சுமை, அதே 3:1. மூன்று மடங்கு பைலட்டில் இரண்டு மடங்கு சுமையோடு போய்ச் சேர்ந்துவிடுகிறது, மிச்சம் ஒரு மடங்குதான் திறக்க உதவும். ஆக 120 பார் பைலட் வேண்டும், அந்த நேரத்தில் ராடு பக்கத்தில் பிரஷர் 360 பார். 210 பார் சிலிண்டரும் ஹோஸும் போட்டிருந்தால் என்ன கதி? சிலிண்டரின் பரப்பு விகிதமும் பைலட் ரேஷியோவும் ஒன்றாகிவிட்டால் அது எந்த பிரஷரிலும் திறக்காது, பம்ப் ரிலீஃபில் (பிரஷர் எல்லை மீறினால் ஆயிலை டேங்க்குக்கு விடும் வால்வு) கத்திக்கொண்டே இருக்கும். வால்வு ஜாமாகிவிட்டது என்று கழற்றிப் பார்த்தால் வால்வில் ஒரு கோளாறும் இருக்காது. தொங்கும் சுமைக்குப் பைலட் செக் போட்டே தீருவேன் என்பவர்கள் பைலட் ரேஷியோ சிலிண்டர் விகிதத்தைவிட நன்றாகக் கூடுதலாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளட்டும். நான் அங்கே கவுன்டர் பேலன்ஸைத்தான் போடுவேன்.

பைலட் செக்கோடு ஒரு ஃப்ளோ கன்ட்ரோல் சேர்த்து, வெளியே போகும் ஆயிலை நெறித்து உதறலை அடக்கலாமே? அடக்கலாம், நிறைய இடத்தில் அப்படித்தான் ஓடுகிறது, விலையும் குறைவு. ஆனால் அடுக்கும் வரிசை முக்கியம். ஃப்ளோ கன்ட்ரோல் சிலிண்டருக்கும் பைலட் செக்குக்கும் நடுவில் வர வேண்டும். மாற்றி, பைலட் செக்குக்கும் லிவர் வால்வுக்கும் நடுவில் வைத்தால், நெறிப்பதால் வரும் பிரஷர் பைலட் பிஸ்டனின் முதுகில் உட்கார்ந்து அதைத் திருப்பித் தள்ளும், உதறல் இன்னும் அதிகமாகும். வேறு வழியில்லாமல் அப்படித்தான் வைக்க வேண்டும் என்றால் தனி டிரெய்ன் போர்ட் (பைலட் பிஸ்டனின் முதுகுப் பக்கத்து ஆயிலைத் தனியாக டேங்க்குக்கு விடும் வழி) உள்ள பைலட் செக் வாங்க வேண்டும், ரெக்ஸ்ராத்தில் எஸ்.வி. என்றால் டிரெய்ன் இல்லாதது, எஸ்.எல். என்றால் உள்ளது. சுமை எப்போதும் ஒரே அளவு, வேகமும் ஒன்றுதான் என்றால் இந்த ஜோடி போதும். சுமை மாறினால் வேகமும் மாறும், அதைத் தடுக்க இதற்கு வழியில்லை.

பிரஸ் மெஷின் வேறு கதை. கோயம்புத்தூர்ப் பக்கம் பிரஸ் செய்பவர்களுக்கு இது தெரிந்த விஷயம்தான். பெரிய சிலிண்டரில் 200 பாரில் அடைபட்ட ஆயில் ஒரு ஸ்பிரிங் மாதிரி; 100 லிட்டர் ஆயில் அந்த பிரஷரில் ஒன்றேகால் லிட்டருக்கு மேல் சுருங்கியிருக்கும். சாதாரண பைலட் செக் இதைத் திறந்தால் அந்த ஒன்றேகால் லிட்டர் ஒரே நொடியில் டேங்க்குக்குப் பாயும், பைப்பெல்லாம் எகிறும். இதற்கு டீகம்பிரஷன் வைத்த மாடல் உண்டு. பெரிய கூம்புக்குள் ஒரு குட்டிப் பந்து, பைலட் முதலில் அதைத் திறக்கும், சிக்கிய பிரஷர் நிதானமாக இறங்கும், பிறகு பெரிய கூம்பு சுலபமாகத் திறக்கும். குட்டிப் பந்து என்பதால் திறக்கும் ரேஷியோ 10:1-க்கும் மேலேகூட இருக்கும், கேட்டலாக்கில் பார்க்க ஜோராக இருக்கும். இதைப் பார்த்து மாஸ்ட்டுக்கு வாங்கிவிடாதீர்கள். சிக்கிய ஆயிலின் பிரஷர்தான் குட்டிப் பந்து வழியாக இறங்கிப்போகும். சுமை மேலே உட்கார்ந்து கொடுக்கும் பிரஷர் அப்படி இறங்காது, எவ்வளவு ஆயில் போனாலும் சுமை அதே பிரஷரைக் கொடுத்துக்கொண்டேதான் இருக்கும். பெரிய பிரஸ்களில் மேல் டேங்க்கிலிருந்து சிலிண்டரை நிரப்பும் பிரீஃபில் வால்வும் ஒரு பெரிய பைலட் செக்தான் என்பது போகிற போக்கில் சொல்ல வேண்டிய ஒன்று.

எந்த வால்வாக இருந்தாலும், அது சிலிண்டரிலேயே பொருத்தப்பட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் ஸ்டீல் பைப்பில். வால்வுக்கும் சிலிண்டருக்கும் நடுவே ஹோஸ் இருந்து, அந்த ஹோஸ் வெடித்தால், லாக் வால்வு பத்திரமாக மூடியிருக்க சுமை மட்டும் கீழே வந்துவிடும். லிவர் வால்வுக்கு அடியில் அடுக்கும் பிளாக் மாடல்களில் இந்தக் குறை உண்டு, மெஷின் ஷாப்பில் கிளாம்ப் பிடிக்க அது போதும், ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில் தூக்கும் வேலைக்கு ஆகாது. எக்ஸ்கவேட்டர் பூம் இறங்குவதைக் கட்டுப்படுத்தும் சாதனத்துக்கென்றே ஐ.எஸ்.ஓ. 8643 என்று தனித் தரநிலை வைத்திருக்கிறார்கள் என்றால் விஷயத்தின் கனம் புரியும்.

வெயிலும் ஒரு காரணி. நம் ஊரில் இதைக் கணக்கில் எடுக்காமல் முடியாது. முழுக்க அடைபட்ட ஆயில் ஒரு டிகிரி சூடானால் சுமார் 10 பார் ஏறும். சிலிண்டர் டியூபும் பைப்பும் கொஞ்சம் விரிந்து கொடுப்பதால் நிஜத்தில் இதைவிடக் குறையும், இருந்தாலும் காலையில் மடக்கி லாக் ஆன ஜாக், மதியம் இருபது டிகிரி கூடுதல் சூட்டில் நின்றால் உள்ளே என்ன பிரஷர் இருக்கும் என்று யோசியுங்கள். ராடு சீல் பிதுங்குவதற்கும், மதியம் ஜாக் இறங்க மாட்டேன் என்று அடம்பிடிப்பதற்கும் இது ஒரு காரணம். பைலட் செக்குக்கு இந்த பிரஷரை விடும் வழி கிடையாது, சிலிண்டர் பக்கத்தில் ஒரு சின்ன ரிலீஃப் வால்வு தனியாக வேண்டும். கவுன்டர் பேலன்ஸில் ரிலீஃப் உள்ளேயே இருக்கிறது, செட்டிங்கைத் தாண்டியதும் தானே விட்டுவிடும். பதிலுக்கு அது பைலட் செக் அளவுக்குக் கசிவில்லாமல் அடைக்காது, நிமிடத்துக்குச் சில சொட்டு போகலாம். பகல் முழுக்க ஒரு மி.மீ. கூட இறங்கக்கூடாது என்றால் பைலட் செக்கும் ஒரு ரிலீஃபும்தான்.

டபுள் லாக் போட்டும் சிலிண்டர் இறங்குகிறது என்றால் குற்றவாளி யார் என்று கண்டுபிடிக்க ஒரு வழி. பிஸ்டன் சீல் மட்டும் போயிருந்து, இரண்டு லாக்கும் நன்றாக அடைத்தால், ஆயில் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போகலாமே தவிர வெளியே போக முடியாது. ராடு உள்ளே வர இடம் வேண்டுமே? ஆகவே சுமை கொஞ்சம் இறங்கி நின்றுவிடும், இரண்டு பக்கமும் ஒரே பிரஷர் ஆகிச் சுமையை ராடின் பரப்பு மட்டும் தாங்கும். 2:1 சிலிண்டரில் 120 பார் 240 பார் ஆகிவிடும் என்பது வேறு தலைவலி. நிற்காமல் இறங்கிக்கொண்டே இருந்தால் லாக்தான் விடுகிறது. பெரும்பாலும் சீட்டில் ஒரு துகள். சீலை மாற்றுவதற்கு முன்னால் ஃபில்டரைப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் லாக் இருக்கும் சிலிண்டரில் இந்தச் சோதனை செல்லாது, அங்கே சீல் போனால் சுமை முழுசாகவே இறங்கும்.

ஹைட்ராலிக் மோட்டாரில் ஓடும் வின்ச்சுக்கு இதில் எதுவும் முழுத் தீர்வில்லை. மோட்டாருக்கு உள்ளேயே கசிவு உண்டு, வெளியே எவ்வளவு அடைத்தாலும் கயிறு மெல்ல இறங்கும். அங்கே பிரேக்தான். இறக்குவதைக் கட்டுப்படுத்த மட்டும் கவுன்டர் பேலன்ஸ்.

காற்றுக்கு வந்தால் பாதிக் கணக்கு மாறிவிடுகிறது. வால்வு அதேதான்: சீட், கூம்பு, பைலட் பிஸ்டன். ஃபெஸ்டோவின் எச்.ஜி.எல்., எஸ்.எம்.சி.யின் ஏ.எஸ்.பி. மாதிரி நேராக சிலிண்டர் போர்ட்டில் திருகும் வகையில் கிடைக்கும், ஏ.எஸ்.பி.யில் ஸ்பீடு கன்ட்ரோலும் சேர்ந்தே வரும். சிலிண்டரிலேயே உட்காருவதால் டியூப் கழன்றாலும் காற்று போகாது. நடுவில் எல்லாம் அடைபட்ட 5/3 வால்வு (ஐந்து வழி, மூன்று நிலை) மட்டும் போட்டு சிலிண்டரை வழியில் நிறுத்துபவர்கள் சீக்கிரமே இதற்கு வந்துவிடுவார்கள், ஸ்பூல் கசிவும் ஃபிட்டிங் கசிவும் சேர்ந்து அது நிற்காது. பைலட் செக் போட்டால் 5/3 வால்வு நடுவில் காற்றை வெளியே விடும் வகையாக இருக்க வேண்டும், ஆயிலில் சொன்ன அதே காரணம்தான்.

ஆனால் பைலட் செக் இங்கே பிடித்து வைப்பது காற்றைத்தான், சிலிண்டர் நிற்கும் இடத்தை அல்ல. 50 மி.மீ. சிலிண்டர் 60 கிலோவைத் தாங்கி நிற்கிறது, கீழ்ப்பக்கம் 100 மி.மீ. உயரத்துக்குக் காற்று, மேல்பக்கம் திறந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உள்ளே கேஜ் பிரஷர் 3 பார், காற்று மண்டலத்தையும் சேர்த்தால் 4 பார். இப்போது ஒருவர் அதிலிருந்து 30 கிலோவை எடுத்துவிட்டால், காற்று மண்டலத்தையும் சேர்த்த பிரஷர் 2.5 பாருக்கு வந்தால்தான் சமநிலை, அதற்குக் காற்று 160 மி.மீ. உயரத்துக்கு விரிய வேண்டும். அதாவது வால்வு ஒரு துளியும் கசியாமலே சிலிண்டர் கிட்டத்தட்ட 60 மி.மீ. மேலே துள்ளும். இரண்டு பக்கமும் அடைத்து வைத்தால் துள்ளல் குறையும், போகாது. ஆயில் சிலிண்டரைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது மனதில் ஏறக் கொஞ்சம் நாளாகும்.

காற்றில் சுமையை ஒரே இடத்தில் நிறுத்த வேண்டும் என்றால் ராடு லாக் வாங்குவதுதான் நேர்மையான வழி. ஸ்பிரிங் ராடைக் கவ்விப் பிடிக்கும், காற்று வந்தால் விடும், காற்று போனால் தானே பிடிக்கும். விலை அதிகம், சிலிண்டர் நீளமும் கூடும். பெரும்பாலான மாடல்கள் நின்ற ராடைப் பிடித்து வைக்கத்தான், ஓடும் ராடை நிறுத்தும் பிரேக்காக அல்ல. அப்படி வேண்டுமென்றால் அதற்கென்று போட்ட மாடலைக் கேட்க வேண்டும். பூட்டை விடுவதற்கு முன்னால் இரண்டு பக்கத்திலும் சுமைக்குத் தக்க காற்று நிரம்பியிருக்க வேண்டும், இல்லையென்றால் விட்ட மறுகணம் சிலிண்டர் பாயும். சுமை எப்போதும் ஒன்றே, கரன்ட் போனால் டேபிள் கீழே விழாமல் இருந்தால் போதும், அரை அங்குலம் ஆடினால் பரவாயில்லை என்கிற வேலைக்கு மட்டும் பைலட் செக் போதும். எமர்ஜென்சி ஸ்டாப்பில் பூட்ட வேண்டுமானால் பைலட்டை மறுபக்கத்து லைனிலிருந்து எடுக்காமல் தனி 3/2 சொலினாய்டிலிருந்து (மின்சாரத்தில் இயங்கும் மூன்று வழி, இரண்டு நிலை வால்வு) கொடுப்பது நல்லது, அப்போது மெயின் வால்வு எந்த நிலையில் மாட்டிக்கொண்டாலும் பூட்டு தன் வேலையைச் செய்யும்.

ஆயிலோ காற்றோ, ஆள் கையோ தலையோ உள்ளே விடும் இடத்தில் இந்த வால்வுகளில் எதையும் நம்பி விடக்கூடாது. லாக் பின் செருகுங்கள், முட்டுக் கொடுங்கள். காற்றில் இன்னொரு கண்ணி உண்டு: மெயின் லைனை மூடி, காற்றை வெளியே விட்டு, கேஜில் பூஜ்யம் பார்த்தபிறகும் பைலட் செக்குக்கு உள்ளே சிலிண்டரில் முழு பிரஷர் இருக்கும். 50 மி.மீ. சிலிண்டரில் 6 பார் என்றால் சுமார் 120 கிலோ தள்ளும் விசை, கேஜுக்கு அது தெரியாது. ஃபிட்டிங்கைத் திருகியதும் அது முகத்தில் வரும், அல்லது சிலிண்டர் பாயும். காற்றைக் கையால் வெளியேற்றும் பட்டன் உள்ள மாடலாகப் பார்த்து வாங்குங்கள், மெஷினில் அந்த இடத்தில் ஒரு ஸ்டிக்கரும் ஒட்டிவையுங்கள்.

கவுன்டர் பேலன்ஸ் வாங்குபவர்களுக்கும் இப்படி ஒரு எச்சரிக்கை பாக்கி. செட்டிங் திருகு எந்தப் பக்கம் திருகினால் கூடும் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சன் ஹைட்ராலிக்ஸ் வால்வுகளில் வலப்பக்கம் திருகினால் செட்டிங் குறையும், சுமை இறங்கும். ரிலீஃப் வால்வு திருகிப் பழகிய கை இறுக்குகிறோம் என்று நினைத்துக்கொண்டு மாஸ்ட்டை இறக்கிவிடும். சுமை மேலே இருக்கும்போது அந்தத் திருகைத் தொடாதீர்கள், வால்வு மாற்றினால் அந்தக் கம்பெனியின் தாளை ஒரு தடவை படித்துவிட்டு ஸ்பேனரை எடுங்கள்.